முதல் அறிக்கை எழுதப்போகும் நன்னடத்தை அலுவலருக்கு

ஏதாவது ஒரு வழக்குக் கட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை, பறிமுதல் மகஜர், சாட்சிகளின் வாக்குமூலம், குற்றப்பத்திரிகை என்று அதில் இருக்கும் அத்தனையும் குற்றம் எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்லும். செய்தவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை, வெளியே விட்டால் எங்கே தங்குவார், யார் சோறு போடுவார் என்பதைச் சொல்லும் காகிதம் அந்தக் கட்டில் ஒன்றே ஒன்றுதான் சேரும், அதை எழுதப்போவது நீங்கள். அதனால் அந்தக் காகிதத்தில் இருப்பது நீங்கள் நேரில் போய்ப் பார்த்ததாக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கும்.

தமிழ்நாட்டில் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் கீழ் நன்னடத்தை அலுவலராக (ப்ரொபேஷன் ஆபீசர்) வேலைக்கு வருபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். குரூப் 2 தேர்வு எழுதும்போது பதவிப் பட்டியலில் பார்த்து டிக் அடித்துவிட்டு, உள்ளே வந்த பிறகுதான் பலர் இந்த வேலை என்ன என்றே தெரிந்துகொள்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விஷயம் தனி. அது இளைஞர் நீதிக் குழுமம், குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை (முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை) என்று வேறு பாதையில் போகிறது, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி முதல்முறை ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். இங்கே நான் சொல்வது பெரியவர்களின் வழக்கு, அதிலும் பெரும்பாலும் நடுவர் நீதிமன்றங்களில் வருபவை.

சட்டத்தை முதலில் படித்து முடியுங்கள்

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958. மொத்தமே 19 பிரிவுகள், ஒரு மாலை உட்கார்ந்தால் முடித்துவிடலாம். (மதராஸ் மாகாணத்துக்கு 1936லேயே தனியாக ஒரு நன்னடத்தைச் சட்டம் இருந்தது, அந்த வகையில் இந்த வேலைக்கு நம் ஊரில் நீண்ட மரபு உண்டு.) பிரிவு 3 கண்டித்துவிட்டு விடுவிப்பது: திருட்டு, மோசடி போன்ற சில குற்றங்கள், அல்லது 2 ஆண்டு வரை மட்டுமே சிறைத் தண்டனை விதிக்கக்கூடியவை, முன்தண்டனை இருக்கக் கூடாது. பிரிவு 4தான் நம் சோறு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமில்லாத குற்றமாக இருந்தால், 3 ஆண்டுக்கு மிகாமல் ஒரு பிணைமுறி (ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். கூடவே உங்கள் கண்காணிப்பில் வைக்க உத்தரவு போட்டால் அந்தக் கண்காணிப்பு 1 ஆண்டுக்குக் குறையக் கூடாது.

பிரிவு 6ஐ மட்டும் இரண்டு தடவை படியுங்கள். 21 வயதுக்குக் கீழே உள்ளவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாத பட்சத்தில், சும்மா சிறைக்கு அனுப்ப முடியாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்த்து, வெளியே விடுவது ஏன் சரிப்படாது என்று காரணம் எழுதித்தான் அனுப்ப முடியும். வயதைக் குற்றம் நடந்த நாளில் பார்ப்பதா, தீர்ப்பு நாளில் பார்ப்பதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். விசாரணை நீதிமன்றம் தண்டனையைப் பற்றி முடிவெடுக்கும் நாள்தான் கணக்கு என்று ராம்ஜி மிஸார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். 20 வயது 11 மாதமான ஒரு பையனின் வழக்கில் நீங்கள் அறிக்கை தர இரண்டு வாய்தா கூடுதலாகக் கேட்டால், அவன் அந்தப் பாதுகாப்பையே இழந்துவிடுவான். அதனால் அறிக்கை கேட்டு நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்ததும் பிறந்த தேதியைத்தான் முதலில் பாருங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேளுங்கள், குற்றப்பத்திரிகையில் 'சுமார் 21' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

இந்தச் சட்டம் பொருந்தாத இடங்களும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெறும் 18 வயதுக்கு மேற்பட்டவருக்குக் கிடையாது. போதைப்பொருள் சட்டத்திலும் 18 வயது தாண்டியவருக்குக் கிடையாது, பயன்படுத்திய குற்றத்துக்கான பிரிவு 27 போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கஞ்சா வழக்கில் மாட்டிய பையனின் அம்மா உங்கள் காலில் விழுந்து கேட்பார், அவரிடம் பொய் நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது, அதற்காகவாவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்புறம், 2024 ஜூலை 1க்கு முன்னால் நடந்த குற்றங்கள் இன்னும் பழைய இந்திய தண்டனைச் சட்ட எண்களில்தான் ஓடுகின்றன, பின்னால் நடந்தவை பாரதிய நியாய சன்ஹிதாவில். பழைய 379 இப்போது 303, பழைய 420 இப்போது 318. இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்த அன்றைக்கே

குற்றம் நிரூபணமானது என்று முடிவான பிறகு, தண்டனை சொல்வதற்கு முன்னால்தான் பெரும்பாலும் உங்களிடம் அறிக்கை கேட்பார்கள். ஆகவே அவர் செய்தாரா இல்லையா என்பது உங்கள் கேள்வியே கிடையாது, அதை மறுபடி கிளறாதீர்கள். கடிதத்தில் வழக்கு எண், பிரிவு, அடுத்த வாய்தா தேதி, முகவரி நான்கையும் சரிபாருங்கள். முகவரி பெரும்பாலும் பழசாக இருக்கும். கைதான நாளில் சொன்ன வாடகை வீட்டைக் காலி செய்து ஆறு மாதம் ஆகியிருக்கும். வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டால் புது முகவரியும் போன் நம்பரும் கிடைத்துவிடும். நீதிமன்ற ஊழியர்களோடு, குறிப்பாக பெஞ்ச் கிளார்க்கோடு, நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அலுவலர் பல நீதிமன்றங்களுக்கு ஓட வேண்டியிருக்கும்போது எந்த வழக்கு எந்த நாளுக்குப் போயிற்று என்று அவர்தான் சொல்வார்.

முதல் சந்திப்பு

அவரைப் பார்த்ததும் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நான் போலீஸ் இல்லை. நான் உங்கள் வக்கீலும் இல்லை, நீங்கள் சொல்வதை நீதிமன்றத்துக்கு எழுதுவேன். இதற்கு யாரும் எனக்குப் பணம் தர வேண்டியதில்லை. மூன்றாவதைக் கட்டாயம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுவும் குடும்பத்தார் முன்னால் சொல்லுங்கள். 'ஆபீசருக்குக் கொடுக்க வேண்டும்' என்று சொல்லி நடுவில் யாராவது அந்தக் குடும்பத்திடம் வாங்கிவிட வாய்ப்பு இருக்கிறது, கம்மலை அடகு வைத்துக்கூட கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி நீங்கள் பொது ஊழியர், ஒரு டீ வாங்கிக் குடிப்பதில்கூட கவனம் வேண்டும்.

உட்கார வைத்துப் பேசுங்கள். கோர்ட் வராந்தாவில் நின்றபடி, பக்கத்தில் எஸ்கார்ட் போலீஸ் நிற்க, யாரும் உண்மையான எதையும் சொல்லப்போவதில்லை. முதலில் வேலையைப் பற்றிக் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புவார், வாரக் கூலியா நாள் கூலியா, யார் கையில் கொடுப்பார். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷன் கொஞ்சம் இளகுவார், அப்புறம் வீடு, கடன், குடி எல்லாம் தானாக வரும். எடுத்த எடுப்பில் 'ஏன் செய்தாய்' என்று கேட்டால், மனப்பாடம் பண்ணிய ஒரு பதில்தான் கிடைக்கும். ஒருமையில் பேசாதீர்கள், 19 வயதுப் பையனாக இருந்தாலும் சரி. ஸ்டேஷனிலும் ஜெயிலிலும் அவன் கேட்டுவந்த தொனியிலேயே நீங்களும் பேசினால், நீங்கள் வேறு ஆள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குப் போவது

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். போனில் விசாரித்து அறிக்கை எழுதும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே தொடாதீர்கள், ஒருமுறை தொட்டால் விடாது.

குடும்பம் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிற வீட்டுக்குப் பகல் 11 மணிக்குப் போனால் பூட்டுதான் இருக்கும், 'வீடு பூட்டியிருந்தது, குடும்பத்தார் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு வந்தால் அது அநியாயம். சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். போலீஸைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது என்ன விஷயம் என்று கேட்டால் குடும்ப விவரம் கேட்க வந்தேன் என்று மட்டும் சொன்னால் போதும். நீங்கள் வந்து போன மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பேசிய வரன் நின்றுபோகக் கூடாது.

உள்ளே போனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் எத்தனை அறையில் படுக்கிறார்கள், அவருக்கென்று படுக்க இடம் இருக்கிறதா, அப்பா பேசும்போது அம்மா என்ன செய்கிறார், பெண்டாட்டி பேச வருகிறாரா, மாமியார் குறுக்கே விழுகிறாரா. அம்மாவிடம் தனியாக ஐந்து நிமிஷம் பேச வழி செய்துகொள்ளுங்கள். மகன் தன்னை அடிக்கிறான் என்பதை எல்லோர் முன்னாலும் எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். அவர் சொன்னால் அதை எப்படி எழுதுவது என்பது கஷ்டமான கேள்வி. பிரிவு 7 உங்கள் அறிக்கை ரகசியம் என்கிறது, ஆனால் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவித்து, அவர் பக்கத்துச் சாட்சியத்தைத் தர நீதிமன்றம் வாய்ப்புக் கொடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் 'தாயார் கூறினார்' என்று எழுதுவதற்கு முன்னால் அந்த ஒரு வரி வீட்டுக்குத் திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். வீட்டில் அவரைத் தங்கவைப்பது சரிப்படாது, மாமா வீட்டில் தங்கலாம் என்று திட்டத்தை மாற்றி எழுதியும் அதே பாதுகாப்பைக் கொண்டுவர முடியும்.

ஊரில் யாரிடம் விசாரிக்கிறீர்கள் என்பதில் ரொம்பக் கவனம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், முன்னாள் தலைவர், டீக்கடைக்காரர் என்று ஊர்த்தெருவிலேயே விசாரித்து முடித்துவிட்டு, காலனியில் இருக்கும் ஒரு பையனைப் பற்றி 'ஊரில் நல்ல பெயர் இல்லை' என்று எழுதினால் அது விசாரணையே இல்லை. யார் சொன்னார், அவருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நிலத் தகராறோ சாதிப் பகையோ உண்டா என்று பாருங்கள். அவன் தெருவில் கேளுங்கள், வேலை கொடுத்தவரிடம் கேளுங்கள், படித்த பள்ளி பக்கத்தில் இருந்தால் வாத்தியாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் முன்வழக்கு விவரம் வாங்கும்போது நிலுவையில் இருக்கும் வழக்கையும் தண்டனையில் முடிந்த வழக்கையும் பிரித்து எழுதி வாங்குங்கள். நிலுவை வழக்கு தண்டனை ஆகாது, இதைக் கலந்து எழுதினால் பையனின் வாழ்க்கை அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

பாதிக்கப்பட்டவரையும் பாருங்கள். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். போன பொருள் திரும்பி வந்ததா, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு, இவர் வெளியே வந்து பக்கத்துத் தெருவில் நடமாடுவதில் அவருக்குப் பயம் இருக்கிறதா. பிரிவு 5ன்படி நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம், அதைக் கட்ட உதவுவது உங்கள் கடமைகளில் ஒன்று, அதனால் அவரால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சொந்த வீடு இல்லாதவர், பிளாட்பாரத்தில் படுப்பவர், திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடிசாக்காரர் என்றால், 'நிலையான முகவரி இல்லை, பரிந்துரைக்க இயலாது' என்று ஒரே வரியில் முடிக்கும் பழக்கம் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கோ, அவருக்குப் பிணை நிற்பவருக்கோ, நிலையான வசிப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருந்தால் போதும். அதுவும் அந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கலாம், அல்லது இனிமேல் அவர் வசிக்கப்போகும் இடத்தில் இருக்கலாம். கம்பெனி மேஸ்திரி பிணை நிற்கத் தயாராக இருந்தால் வழி திறந்துவிடும். அப்படி ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பதும் நம் வேலைதான் என்பது என் கருத்து.

எழுதுவது

அறிக்கையில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் நான் பார்த்தது, எனக்குச் சொல்லப்பட்டது, நான் முடிவு செய்வது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றையும் கலக்காமல் எழுதப் பழகினால் பாதி வேலை முடிந்தது. 'கெட்ட சகவாசம் உள்ளவர், குடிப்பழக்கம் உடையவர்' என்று எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் தெரியாது. 'சம்பள நாளான சனிக்கிழமைகளில் குடிப்பதாக மனைவி சொன்னார், மற்ற நாள்களில் தவறாமல் வேலைக்கு வருகிறார் என்று மேஸ்திரி வருகைப் பதிவேட்டைக் காட்டினார்' என்று எழுதுங்கள், அவரே முடிவுக்கு வருவார். நல்லவர், ஏழை, அப்பாவி போன்ற சொற்களும் இதே கணக்குத்தான், அவையும் எதையும் சொல்வதில்லை.

கடைசியில் 'நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப் பரிந்துரைக்கிறேன்' என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும் அறிக்கைக்கு வலு கிடையாது. எங்கே தங்குவார், யார் பொறுப்பு, எங்கே வேலை, எந்த நாளில் என்னிடம் வருவார், குடி நிறுத்தச் சிகிச்சைக்கு எந்த அரசு மருத்துவமனைக்குப் போவார் என்று ஒரு திட்டமாகக் கொடுங்கள். நிபந்தனைகளைக் குறைவாகவும் அவரால் நிறைவேற்றக் கூடியதாகவும் கேளுங்கள். பரிந்துரைக்க முடியாது என்று தோன்றினால் தயங்காமல் காரணத்தோடு எழுதுங்கள். எல்லோரையும் பரிந்துரைக்கும் அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் நாளடைவில் படிப்பதை நிறுத்திவிடும், அந்த நஷ்டம் உண்மையிலேயே தகுதியான ஆளுக்குத்தான். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே மூடிய உறையில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குக் கோர்ட்டிலும் இருங்கள், நீதிபதி ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

உத்தரவு வந்த பிறகு

பிணைமுறியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போது 'கேஸ் முடிந்தது, விடுதலை' என்று நினைத்துக்கொண்டுதான் பலர் வருவார்கள். நிபந்தனைகளை விளக்கி உத்தரவின் நகலை அவருக்கும் பிணைதாரருக்கும் உங்களுக்கும் கொடுக்க வேண்டியது நீதிமன்றத்தின் பொறுப்பு, ஆனாலும் வெளியே வந்ததும் நீங்கள் ஒருமுறை பேச்சுத் தமிழில் சொல்லிவிடுங்கள். அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கண்காணிப்பு என்றால் மாதம் ஒரு கையெழுத்து என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்ப மாதங்களில் அடிக்கடி பாருங்கள், பழக்கம் ஆனதும் இடைவெளியைக் கூட்டலாம். வேலை நாளில் காலை 10 மணிக்கு ஆபீசுக்கு வரச் சொன்னால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும், இரண்டு தடவை வருவார், மூன்றாம் தடவை வர மாட்டார், அப்புறம் அவர் நிபந்தனையை மீறியவர் ஆகிவிடுவார். நேரத்தை அவர் வேலைக்கு ஏற்ப வையுங்கள். ஒவ்வொரு சந்திப்பையும் அன்றைக்கே டைரியில் எழுதுங்கள். பிரிவு 14 உங்களுக்குக் கொடுத்திருக்கும் கடமைகளில் தேவைப்பட்டால் வேலை தேடிக் கொடுப்பதும் இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு இல்லாமல் தவிப்பவருக்கு அதை வாங்கிக் கொடுப்பதில் தொடங்குங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஐடிஐ, வேலைவாய்ப்பு அலுவலகம் எல்லாவற்றிலும் ஒரு தெரிந்த முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மீறல் நடந்தால்? ஒரு தடவை வராமல் போனதையும் ஊரை விட்டே ஓடியதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். முதலில் ஆளைத் தேடிப் பேசுங்கள், காரணத்தைப் பதிவு செய்யுங்கள். தொடர்ந்தால் பிரிவு 9ன் கீழ் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சம்மனா பிடியாணையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும், முதல் மீறலுக்கு 50 ரூபாய் வரை அபராதம் போட்டுப் பிணைமுறியைத் தொடர விடலாம், அல்லது பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். மறைப்பது மட்டும் கூடாது, இரக்கப்பட்டு டைரியில் பொய்யாக 'வந்தார்' என்று எழுதினால் அடுத்த குற்றத்துக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரும். வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறார், நிபந்தனை ஒத்துவரவில்லை என்றால் பிரிவு 8ல் மாற்றக் கேட்கலாம்.

இதே பிரிவு 8ல் அதிகம் பயன்படாத ஒன்று இருக்கிறது. நன்றாக நடந்துகொள்கிறார், இனிக் கண்காணிப்பு தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், பிணைமுறியை முன்கூட்டியே முடிக்கச் சொல்லி நீங்களே விண்ணப்பிக்கலாம். கோப்பைத் தூசி படிய விடாமல் இதைச் செய்யுங்கள்.

இதற்கிடையில் சிறையிலிருந்தும் கடிதங்கள் வரும், 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்த விதிகளின்படி விடுப்பு கேட்கும் சிறைவாசியின் வீட்டுக்குப் போய் விசாரிக்கச் சொல்லி, அல்லது முன்விடுதலை பற்றிக் கருத்துக் கேட்டு. அங்கேயும் முறை இதேதான், பாதிக்கப்பட்ட குடும்பம் அதே ஊரில் இருக்கிறதா என்பதை மட்டும் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நன்னடத்தைக் காலம் முடியும்போது 'எனக்கு இனி கவர்மென்ட் வேலை கிடைக்குமா' என்று கேட்பார்கள். பிரிவு 12ன்படி, குற்றவாளி என்ற தீர்ப்பால் சட்டத்தில் வரும் தகுதியிழப்பு அவருக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தீர்ப்பு அழிந்துவிடாது, துறை நடவடிக்கையை இது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1990ல் பக்‌ஷி ராம் வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டையும் அப்படியே சொல்லுங்கள். விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தீர்ப்பு நகலும் நன்னடத்தைக் காலம் முடிந்ததைக் காட்டும் உத்தரவின் நகலும் அவர் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் விசாரணை வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.